இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை: முதலில் ஆயத்தமாக வேண்டியது வீடு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு அங்குள்ள படிகள் நினைவில் நிற்கும். லயத்திலிருந்து பாதைக்குப் படி, பாதையிலிருந்து கோவிலுக்குப் படி, கோவிலிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கினால் மீண்டும் படி. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் குறித்து வைத்தார். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. அக்காலந்தொட்டு இச்சரிவுகளில் கூடை சுமந்து ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்து பறிக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் கைகளுள் வங்காளதேசத்தாருடையவையும் நேப்பாளத்தாருடையவையும் மிகுதி. எனினும், முப்பது நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த மூத்தவர்கள் பலர் இன்றும் அம்மலையிலேயே பிள்ளைகளோடு வாழ்ந்து வருகின்றனர். அவர்களுட் சிலருக்குத் தேய்ந்து போனது இடுப்பு மூட்டு.

ரப்பர் தோட்டத்து வாசகர்கள் இதனைப் படிக்க வேண்டியதென்ன என்று கேட்கலாம். நெடுங்காலம் பளுத் தூக்கி உழைக்கும் விவசாயிகளிடையே இடுப்பு மூட்டுத் தேய்வு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது மருத்துவ ஆய்வுகள் காட்டிய உண்மை. தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து மரம் சீவுவோருக்கும், பால் வாளி சுமப்போருக்கும் இதில் பங்குண்டு. அன்றியும், செங்குத்தான மலை லயத்தில் ஒரு நோயாளியை எவ்வாறு தேற்றுவது என்று அறிந்துகொண்டால், சமவெளித் தோட்டத்தில் அது எளிதாகி விடும்.

பாடம் விளங்கும் பொருட்டு, ரிங்லெட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் அறுபத்தொரு வயதுடைய ஓர் அம்மாள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலிலிருந்து பாதைக்கு இருபத்து மூன்று படிகள். கடந்த ஓராண்டாக அவர் கோவிலுக்குச் செல்லவில்லை. கேட்டால், "வயசாச்சு தம்பி, முட்டி வலி" என்பார். தைலம் பூசியாயிற்று, முழங்காலுக்குத் துணிப்பட்டையும் கட்டியாயிற்று. வலி நின்றபாடில்லை. நிற்கவும் நிற்காது, ஏனெனில் நோய் முழங்காலில் இல்லை.

இடுப்பு மூட்டின் வலி இடுப்பின் பின்புறத்தில் தோன்றும் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் தொடையும் அடிவயிறும் சேரும் கவட்டில் தோன்றும். சிலருக்குத் தொடை வழியே இறங்கி முழங்காலில் தெரியும். இதனால் முழங்காலுக்கு மருந்திட்டுக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்போர் உண்டு. காலுறை மாட்டக் குனிய முடியாமை, கால் நகம் வெட்ட முடியாமை, மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாமை, இரவில் புரண்டு படுக்கும்போது விழித்துக் கொள்ளுதல் ஆகியவை இடுப்பு மூட்டைச் சுட்டும் அடையாளங்கள். நம் அம்மாளைச் சுகாதார நிலையத்து மருத்துவர் படுக்க வைத்து, காலை மடக்கி உட்புறமாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் வலி எங்கிருந்து வருகிறதென்பது வெளிப்பட்டது.

மூட்டு எவ்வாறு கெடுகிறது

தொடையெலும்பின் தலை ஒரு பந்து போன்றது. இடுப்பெலும்பிலுள்ள குழி ஒரு கிண்ணம் போன்றது. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அப்போர்வை தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். முதுமையில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

நடுவயதினரைத் தாக்கும் இன்னொரு கேடும் உண்டு. அதைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் மிக நுண்ணியவை. அவை அடைபட்டால் எலும்பின் தலை உயிரிழந்து, நாளடைவில் நொறுங்கித் தட்டையாகி விடும். விபத்தின்றி இது நேர்வதற்குரிய தலையாய காரணங்கள் இரண்டு. ஒன்று மிதமிஞ்சிய மதுப்பழக்கம். சம்சு புட்டி ஈரலை மட்டுமே கெடுக்கும் என்று எண்ணுவோர் இதனை அறிதல் வேண்டும். மற்றொன்று ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலம் உட்கொள்ளுதல். "நான் ஸ்டீராய்டு சாப்பிட்டதே இல்லையே" என்பார் பலர். சந்தையிலும் வீட்டு வாசலிலும் மூட்டுவலிக்கென விற்கப்படும் பதிவு பெறாத உருண்டைகளிலும் பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கண்டு சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்துள்ளது. உண்ட மறுநாளே வலி பறந்து போனால் மகிழாமல் ஐயுறுக. முப்பத்தைந்து, நாற்பது வயதில் நொண்டத் தொடங்கும் ஆடவர் கூச்சப்படாமல் இவ்விரண்டையும் மருத்துவரிடம் சொல்லி விடுவது நல்லது.

கீழே விழுந்து முறிவது மூன்றாவது வகை. வயதானவர் வழுக்கி விழுந்தபின் எழ முடியாமல், ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தால், அது பெரும்பாலும் தொடையெலும்பின் கழுத்து முறிவே. அப்போது எண்ணெய் தேய்த்து உருவவோ, தூக்கி நிறுத்திப் பார்க்கவோ கூடாது. அசையாதபடி பலகையிலோ கதவிலோ கிடத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இத்தகைய முறிவுக்கு இரண்டொரு நாளுக்குள் அறுவை செய்தால் தேறும் வாய்ப்பு மிகும். படுக்கையிலேயே விட்டு வைத்தால் சளிச்சுரமும் படுக்கைப் புண்ணும் இரத்தக் கட்டியும் அவ்வுயிரைக் கொண்டு போகக் கூடும்.

மூட்டை மாற்றக் கற்றுக்கொண்ட வரலாறு

பர்மாவிலுள்ள மாண்டலே நகரத்தில் டாக்டர் சான் போ என்னும் எலும்புச் சிகிச்சை நிபுணர் இருந்தார். வெளிநாட்டு உலோக மூட்டுகள் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், யானைத் தந்தத்தில் தொடையெலும்பின் தலையைச் செதுக்கி, 1960-ஆம் ஆண்டில் 83 வயதுடைய ஒரு பௌத்தத் துறவிப் பெண்ணுக்குப் பொருத்தினார். அதன்பின் நூற்றுக்கணக்கானோர்க்கு அவ்வாறே பொருத்தி, அவர்களுட் பெரும்பாலோரை நடக்க வைத்து, 1969-இல் இலண்டன் மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். தந்தத்தைக் கொண்டு மூட்டுச் செய்யும் முயற்சி அதற்கு முன்பே, 1891 அளவில், ஜெர்மானியரான குளுக் என்பவரால் மேற்கொள்ளப்பட்டதுண்டு; அது நிலைக்கவில்லை.

இன்று உலகெங்கும் செய்யப்படும் முறைக்கு வழி காட்டியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. அவரிடம் ஒரு நோயாளி வந்தார். முன்பு வேறொருவர் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் மூட்டு, அவர் அசையும்போதெல்லாம் கீச்சிட்டதாம். அவர் மனைவிக்கு அவ்வோசை பொறுக்கவில்லை. இந்தக் கீச்சொலியே சார்ன்லியை உராய்வு பற்றிச் சிந்திக்கத் தூண்டியது. டெஃப்லான் என்னும் வழுக்குப் பொருளால் கிண்ணம் செய்து ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அத்தனையும் தேய்ந்தன. செய்த தவற்றை மறைக்காமல் அவர்களை ஒவ்வொருவராக மீண்டும் அறுவை செய்தார். அப்பொருளின் துணுக்கைத் தம் தொடையிலேயே வைத்துப் பார்த்தும் அறிந்தார். 1962-இல், நெசவாலைப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் அவருடைய பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதனைக் கொண்டு கிண்ணம் செய்து பொருத்தினார். இன்றைய மூட்டிலும் அப்பொருளின் மேம்பட்ட வகையே பெரும்பாலும் கிண்ணத்தின் உட்புறமாக அமைகிறது. பந்து உலோகத்தாலோ பீங்கான் போன்ற பொருளாலோ ஆனது. அதைத் தாங்கும் தண்டு தொடையெலும்பினுள் இறங்கும். பற்கட்டுச் செய்ய உதவும் பிசினுக்கு ஒப்பான பசையால் அதை ஒட்டுவதுமுண்டு; பசையின்றி இறுகப் பொருத்தி எலும்பே பற்றிக்கொள்ள விடுவதுமுண்டு.

இவ்வாறு பொருத்தப்படும் மூட்டுகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டு தாண்டி உழைக்கின்றன. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, நூற்றுக்கு 58 மூட்டுகள் இருபத்தைந்தாண்டும் நிலைத்துள்ளன. அறுபது வயதுடைய ஒருவருக்கு அது வாழ்நாளுக்கே போதுமானதாக அமையலாம். முப்பத்தைந்து வயதுடையவர்க்கு மறுபடியும் ஒரு முறை மாற்ற நேரலாம். ஆகவே மருத்துவர் இளையோரைக் காத்திருக்கச் சொல்வதில் பொருளுண்டு.

காத்திருக்கும் காலத்தில் உடல் எடையைக் குறைப்பதும், மருத்துவர் தரும் வலி மாத்திரையை அளவோடு கொள்வதும், கைத்தடி பிடிப்பதும் நலம் தரும். கைத்தடி பிடிப்பதில் நம்மவர் பலர் தவறுகின்றனர். வலது இடுப்பு வலித்தால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நோயுற்ற மூட்டின் மீதுள்ள பாரம் குறையும். இவற்றாலும் வலி அடங்காமல், உறக்கமும் நடையும் கெட்டு, எக்ஸ்ரே படத்திலும் மூட்டின் இடைவெளி மறைந்து போயிருந்தால், அறுவையைப் பற்றிப் பேசும் வேளை வந்து விட்டது எனலாம்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

நம் அம்மாளுக்கு நாள் குறித்தாயிற்று. மகன் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கத் தொடங்குகிறார். அதற்கு முன் அவர் எடுக்க வேண்டியது சுத்தியலும் அளவு நாடாவும். அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்து விடும். அதன் பின்னுள்ள பன்னிரண்டு வாரங்கள் வீட்டில் கழிய வேண்டியவை.

புதிய மூட்டைச் சூழ்ந்த தசைகள் ஆறும் வரை பந்து கிண்ணத்தை விட்டு நழுவக் கூடும். அதனைத் தடுக்க மருத்துவர் மூன்று விலக்குகளைச் சொல்வது வழக்கம். இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. காலின் மேல் கால் போடலாகாது. அறுவை செய்த காலின் பாதத்தை உட்புறமாகத் திருப்பலாகாது. எந்தப் பக்கமாகத் திறந்து அறுவை செய்தார்கள் என்பதைப் பொறுத்து இவ்விலக்குகள் மாறும். ஆகையால் தமக்குரியவை எவை என்று அறுவை மருத்துவரையே கேட்டறிக. இம்மூன்றையும் நம் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தரையில் சம்மணமிட்டு உண்கிறோம், பாயில் படுக்கிறோம், மணையில் அமர்ந்து மீன் அரிகிறோம், குந்தி மலங்கழிக்கிறோம், விழுந்து வணங்குகிறோம். மேல்நாட்டு நோயாளிக்கு எழுதப்பட்ட துண்டறிக்கை இவற்றில் ஒன்றையும் குறிப்பிடுவதில்லை. ஆதலால் நாமே நம் வீட்டைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கழிவறையிலிருந்து தொடங்குவோம். குந்தும் கழிப்பிடமாயின், அதன் மேல் வைக்கும்படி நடுவில் துளையுள்ள கழிப்பிட நாற்காலி மருந்து உபகரணக் கடைகளில் கிடைக்கும். கால்கள் வழுக்காமலிருக்க அவற்றின் அடியில் ரப்பர் குப்பி இருத்தல் வேண்டும். ரப்பர் தோட்டத்தாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுவரில் கைப்பிடி ஒன்றைத் திருகாணியிட்டு இறுக்குக. துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடியாகாது. அது பிடுங்கிக் கொண்டு வரும். குளிக்கும்போது உயரமான முக்காலியில் அமர்ந்து, நீர் வாளியையும் ஓர் உயரமான இடத்தில் வைத்து மொண்டு ஊற்றிக் கொள்ளலாம்.

நாற்காலிக்கு இருபுறமும் கைகள் இருக்க வேண்டும். அமர்ந்தால் முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், இதுவே அளவு. பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருப்பின், ஒரே வகை நாற்காலிகள் இரண்டை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிச் சுவரோடு சேர்த்துப் போட்டால் உயரமும் உறுதியும் கூடும். கட்டிலுக்கும் அதே அளவே. குழிவிழுந்த மெத்தைக்கு அடியில் பலகை இடுக. மல்லாந்து படுக்கும்போதும் ஒருக்களிக்கும்போதும் இரு தொடைகளுக்கு இடையே தலையணை ஒன்று இருக்கட்டும்.

அடுக்களையில் அரிசி வாளியும் அன்றாடப் பாத்திரங்களும் இடுப்பு உயரத்திற்கு ஏறட்டும். தரையிலுள்ள கிழிந்த விரிப்பு, மின்கம்பி, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஆகியவற்றை அகற்றுக. நாயைச் சில வாரம் கட்டி வைப்பது நல்லது. அன்பினால் குறுக்கே ஓடி எசமானியைக் கீழே தள்ளி விடும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவில் விளக்கு எரிய வேண்டும்.

இனி அந்த இருபத்து மூன்று படிகள். கேமரன் மலையின் குளிரிலும் ஈரத்திலும் சிமெண்டுப் படிகளில் பாசி படர்வது இயல்பு. கம்பித் தூரிகையால் தேய்த்துப் போக்குக. ஒரு புறமேனும் நீர்க்குழாய் இரும்பினால் கைப்பிடி அமைக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் செய்து தர மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் குறை கூறுவதில் பயனில்லை. படியேறும் முறையையும் அறுவைக்கு முன்பே பழகிக் கொள்ளலாம். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரு கால்களும் சேர்ந்த பின்னரே அடுத்த படி. நம் அம்மாள் இதனைப் பேரனுக்கு வாய்ப்பாடு போல் சொல்லிக் கொடுத்து, அவன் தம்மைத் திருத்தும்படி செய்து கொண்டார்.

உடலை ஆயத்தம் செய்தல்

இனிப்பு நீர் உள்ளவர்கள் அதனைக் கட்டுக்குள் கொண்டு வராவிடில் மருத்துவர் அறுவையைத் தள்ளி வைப்பார். புண் ஆறாமையும் கிருமித் தொற்றும் அஞ்சத்தக்கவை. இரத்தக் கொதிப்புக்கும் இரத்தச் சோகைக்கும் அவ்வாறே. சொத்தைப் பல்லை முன்னதாகவே கவனிக்க வேண்டும். கால்விரல் இடுக்கிலுள்ள புண்ணையும், அட்டை கடித்துச் சீழ் வைத்த இடத்தையும் மறைக்க வேண்டா. அங்கிருந்து கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டில் குடியேறலாம். புகைப்பதை ஒரு மாதத்திற்கு முன்னரேனும் நிறுத்துக. உண்டு வரும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுக. இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். மதுப்பழக்கமுள்ளவர் அதையும் சொல்லி விட வேண்டும். திடீரென நின்றால் மருத்துவமனைக் கட்டிலில் நடுக்கமும் பிதற்றலும் உண்டாகும்.

கைகளுக்கும் தொடைகளுக்கும் வலுவேற்றல் அடுத்தது. படுத்தவாறே முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். நாற்காலிக் கைகளை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்தலாம். நடைச்சட்டத்தைப் பிடிக்கப் போவது கைகளே.

மருத்துவமனையில்

தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. பெரிய எலும்புச் சிகிச்சைக்கு மலையை விட்டு இறங்க வேண்டியிருக்கும். பகாங்கைச் சேர்ந்த கேமரன் மலைக்கு, பேராக்கிலுள்ள ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று.

முதுகுத் தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து அறுவை செய்வது வழக்கம். நோயாளி விழித்திருந்தாலும் வலி தெரியாது. குறிப்பிட்ட மணிக்குப் பின் உணவு கூடாது என்றால் ஒரு வாய் மைலோவும் கூடாது. மயக்க நிலையில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போய் விடும். "பசியோடு அனுப்பலாமா" என்னும் இரக்கத்தால் உறவினர் ஊட்டி விட்டு, அறுவை தள்ளிப் போவதுண்டு.

அன்றோ மறுநாளோ பிசியோ எனப்படும் உடலியக்கச் சிகிச்சையாளர் வந்து எழுந்து நிற்கச் சொல்வார். கொடுமை என்று எண்ண வேண்டா. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. அதனைத் தடுக்கவே ஊசியோ மாத்திரையோ சில வாரம் தருவார்கள். வீடு வந்த பின்னும் சொன்ன நாள் வரை அதனைத் தவற விடலாகாது. வலியைப் பொறுத்துக் கொண்டு பெருமை தேட வேண்டியதில்லை. வலி மாத்திரை உண்டால்தான் நடைப் பயிற்சி செய்ய இயலும்.

மலைக்குத் திரும்புதல்

சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புவார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, மேலே ஒரு தலையணையும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் விரிக்க. முதலில் பின்புறமாக அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பினால் இடுப்பு முறுகாது. வழியில் ஓரிரு முறை நிறுத்தி இறங்கி நிற்க வைக்க வேண்டும். லோரியின் பின்புறத்தில் ஏற்றி வருவது எக்காரணத்தாலும் கூடாது.

வீட்டில் முதல் இரு வாரம் புண்ணை நனையாமல் காக்க வேண்டும். தையலோ கம்பியோ ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாளுக்குள் எடுக்கப்படும். இக்காலத்தில் பாட்டிமார் இரண்டு காரியங்களைச் செய்ய முற்படுவர். முட்டை, மீன், கோழி யாவற்றையும் நிறுத்திப் பத்தியம் வைப்பர். சூடான எண்ணெய் கொண்டு காலை உருவுவர். முன்னது புண் ஆறுவதற்கு வேண்டிய சத்தை மறுக்கிறது. பின்னது கெண்டைக்காலில் கட்டியிருக்கக் கூடிய இரத்தத்தைப் பெயர்த்து விடும். அன்பினால் செய்வதாகையால் சினந்து தடுப்பது அழகன்று. அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்த்து விடச் சொன்னால் அவர்களும் மனம் மகிழ்வர்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண் சிவந்து சூடேறிச் சீழ் கசிதலும் காய்ச்சலும் கிருமித் தொற்றைக் காட்டும். எழும்போது திடீரென்று பொறுக்க முடியாத வலி தோன்றிக் கால் குட்டையாகி ஊன்ற முடியாமற் போனால் மூட்டு நழுவியிருக்கிறது. இழுத்துப் பொருத்த முயலாமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

நடைச்சட்டத்தில் தொடங்கி, பிறகு ஊன்றுகோல், பிறகு தடி என்று வாரந்தோறும் முன்னேறலாம். நாளுக்கு ஒரு முறை நெடுந்தூரம் நடப்பதிலும் பல முறை சிறு தூரம் நடப்பது நன்று. செருப்பு வழுக்காததாகவும் குதிகாலைப் பற்றியதாகவும் இருக்கட்டும். வீட்டுச் சிலிப்பர் வேண்டா. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஆறு வாரத்தில் திரும்பலாம். உடலுழைப்புக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லி விட வேண்டும்: சரிவில் கூடை சுமப்பதும், தோளில் பால் சுமப்பதும், குந்திச் செய்யும் வேலையும் புதிய மூட்டுக்கு ஒவ்வாதவை. பணியிலிருப்பவர் இலகு வேலைக்கான மருத்துவர் கடிதத்தை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நன்று.

பணமும் பத்திரமும்

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குரிய கட்டணம் சிறிது. ஆனால் செயற்கை மூட்டின் விலை பல ஆயிரம் ரிங்கிட்டாகும். அதனைக் கேட்டவுடனே "நமக்கு வேண்டாம்" என்று எழுந்து வந்து விடுவோர் இருக்கிறார்கள். அவ்வாறு எழுந்து வருமுன் மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, குடும்ப விவரம் ஆகியவற்றைக் கொண்டு, அப்பிரிவினர் 2005-இல் தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ உதவி நிதி முதலியவற்றுக்கு விண்ணப்பிக்க உதவுவர். வேலையிலோ, வேலைக்குப் போகும் வழியிலோ விழுந்து முறிந்ததாயின் சொக்சோவுக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டும்; 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது உரிமையாகும். மருத்துவமனையில் தங்க நேரும் தொழிலாளிக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புண்டு.

மற்றொன்று: பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டோ அட்டையோ தரப்படும். 2010 ஆகஸ்டில் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு பழுதுடையதென உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 93,000 மூட்டுகள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700. தம் உடலில் இருப்பது அதுதானா என்று அறிய முடியாமல் அந்நாட்டில் பலர் அலைந்தனர். அட்டையைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க. தமிழ்நாட்டிற்குப் பயணம் போகும்போது விமான நிலையச் சோதனைக் கருவி ஒலித்தாலும் அதைக் காட்டலாம்.

நம் அம்மாள் மூன்றாம் மாத முடிவில் இருபத்து மூன்று படிகளையும் தடியோடு இறங்கினார். பேரன் பின்னால் வந்து எண்ணினான். கோவிலில் மற்றவர்கள் தரையில் அமர்ந்திருக்க, அவருக்காக மகன் முன்னமே கொண்டு போய் வைத்திருந்த அடுக்கு நாற்காலி தூணோரம் காத்திருந்தது. விழுந்து வணங்காமல் நின்றவாறே கைகூப்பினார். திரும்பி ஏறுகையில், "நல்ல கால் முதலில், பாட்டி" என்றான் பேரன்.